எஸ்எம்பிஎஸ்: தானே அணைந்து எழும் கணினியின் முன்கதை

1981 ஆகஸ்டில் ஐபிஎம் அறிமுகப்படுத்திய முதல் பர்சனல் கம்ப்யூட்டரில் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி தரக்கூடிய மின்திறன் 63.5 வாட். இன்றைய நடுத்தர கேமிங் கணினியில் கிராபிக்ஸ் கார்டு மட்டுமே அதைப்போல மூன்று மடங்கு கேட்கும். ஆனால் ஆட்டத்தின் நடுவே கணினி சட்டென அணைந்து தானாக எழுவதற்கான ஏற்பாடு அந்தச் சின்னப் பெட்டியிலேயே இருந்தது. அதிலிருந்து மதர்போர்டுக்குப் போன கம்பிகளில் ஒன்றின் வேலை தகவல் சொல்வது மட்டும். அதன் பெயர் 'பவர் குட்'. மின்னழுத்தங்கள் உரிய அளவில் நிலைகொண்ட பிறகே பெட்டி அந்தக் கம்பியில் சைகை தரும். அதுவரை பிராசசர் ரீசெட் நிலையில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். இடையில் அழுத்தம் சரிந்தால் சைகை நிற்கும்; பிராசசர் முதலிலிருந்து தொடங்கும். குறைந்த அழுத்தத்தில் கணக்குத் தப்பி ஓடுவதைவிட நின்று தொடங்குவது மேல் என்ற எண்ணத்தில் வைத்த காவல் இது. கேமிங் கணினிகளில் காணும் மறுதொடக்கங்களில் பல, இந்தக் காவல் தன் வேலையைச் செய்வதால் வருபவை.

சுவரிலிருந்து வரும் மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, அதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறிய ஃபெரைட் டிரான்ஸ்பார்மர் வழியே செலுத்தி வேண்டிய அழுத்தத்துக்கு இறக்குவது எஸ்எம்பிஎஸ் முறை. முந்தைய லீனியர் வகைக்குக் கனத்த இரும்பு டிரான்ஸ்பார்மர் தேவைப்பட்டது. மிஞ்சிய அழுத்தமெல்லாம் வெப்பமாகக் கழிந்தது. 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்த எஸ்எம்பிஎஸ் பெரும் புகழ் பெற்றது. பிறகு வந்த கணினிகள் எல்லாம் அதைத்தான் நகலெடுத்தன என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னதுண்டு. அது மிகை. 1960-களில் விண்வெளிக் கருவிகளிலும், 1970-களின் தொடக்கத்தில் சில மினிகம்ப்யூட்டர்களிலும் இம்முறை புழங்கியது. உயர் அழுத்தத்தைத் தாங்கும் டிரான்சிஸ்டர்கள் மலிவானதும், வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் ஒற்றைச் சிப்பு 1976-இல் சந்தைக்கு வந்ததும்தான் அதை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தன.

1983-இல் ஐபிஎம்மின் எக்ஸ்டி மாதிரியில் ஹார்ட் டிஸ்க் சேர்ந்ததும் பெட்டியின் திறன் 130 வாட்டாக உயர்ந்தது. மறு ஆண்டு வந்த ஏடி மாதிரியில் 192 வாட். ஐபிஎம் கணினிகளை நகலெடுத்த நிறுவனங்கள் பெட்டியின் அளவையும் இணைப்பிகளையும் அப்படியே பின்பற்றியதால் யார் செய்த பெட்டியும் யார் கணினியிலும் பொருந்தியது. மதர்போர்டுக்குப் போன இரண்டு இணைப்பிகளும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும்; இடம் மாற்றிச் செருகினால் போர்டு பாழ். கறுப்புக் கம்பிகள் நடுவில் சேர வேண்டும் என்பதைப் பழைய மெக்கானிக்குகள் மந்திரம்போல் சொல்லிக்கொடுத்தார்கள். பல பெட்டிகளின் பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிறு ஸ்விட்ச் இருந்தது. இந்தியா போன்ற 230 வோல்ட் நாட்டில் அதை 115-இல் வைத்துப் போட்டால் ஒரு வெடிச்சத்தத்தோடு பெட்டியின் கதை முடியும்.

1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறை 20 முனை கொண்ட ஒற்றை இணைப்பியைக் கொண்டுவந்தது. தப்பாகச் செருக வழியில்லை. 3.3 வோல்ட் சேர்ந்தது. பெட்டியை இயக்கும் அதிகாரம் மதர்போர்டின் கைக்குப் போனது: கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் ஒரு கம்பியில் இருந்துகொண்டே இருக்கும், போர்டு சைகை தந்ததும் மற்றவை உயிர்பெறும். விண்டோஸ் தானே கணினியை அணைக்க முடிந்தது இதனால்தான்.

உண்மையான திருப்பம் 2000-த்தில் பென்டியம் 4-உடன் வந்தது. அதுவரை பெட்டியின் பளு பெரும்பாலும் 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிகளில் இருந்தது. 12 வோல்ட் டிஸ்க் மோட்டாருக்கும் விசிறிக்கும்தான். பிராசசருக்குத் தேவை 2 வோல்ட்டுக்கும் குறைவு என்றாலும், அதற்கு 60 வாட்டை 5 வோல்ட்டில் கொண்டுபோனால் 12 ஆம்பியர் ஓடும்; 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். கம்பியும் இணைப்பியும் சூடாவது மின்னோட்டத்தால் என்பதால் இன்டெல் 12 வோல்ட்டைத் தேர்ந்தது, அதற்கெனச் சதுரமான 4 முனை இணைப்பியைச் சேர்த்தது. ஏஎம்டி அத்லான் போர்டுகள் பல சில காலம் 5 வோல்ட்டிலேயே நின்றன.

இந்த மாற்றத்துக்கு மலிவுப் பெட்டிகள் ஈடுகொடுக்கவில்லை. '400 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பெட்டியின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக 15 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 180 வாட். மீதித் திறன் யாரும் கேட்காத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் முடங்கிக் கிடந்தது. டெஸ்க்டாப் திரையில் மணிக்கணக்கில் அசையாமல் ஓடும் கணினி ஆட்டம் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் மறுபடி எழுவதன் மர்மம் பெரும்பாலும் இந்தப் பெருக்கலில் அவிழ்ந்துவிடும். மொத்த வாட்டைப் பெரிதாகவும் 12 வோல்ட் ஆம்பியரைப் பொடியாகவும் அச்சிடும் வழக்கத்தைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

கிராபிக்ஸ் கார்டுகளும் அதே காலத்தில் மதர்போர்டு தரும் மின்சாரம் போதாமல் பெட்டியிடம் நேரடியாகக் கேட்கத் தொடங்கின. 2000-இல் வூடூ5 5500 ஹார்ட் டிஸ்க்குக்கான இணைப்பியைக் கடன் வாங்கியது. 2002-இல் ரேடியான் 9700 புரோ ஃபிளாப்பி இணைப்பியை. பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தபின் இதற்கு ஒழுங்கு பிறந்தது: ஸ்லாட் 75 வாட், 6 முனை இணைப்பி 75 வாட், 8 முனை இணைப்பி 150 வாட். மதர்போர்டு இணைப்பி 2003-இன் புதிய வரையறையில் 24 முனையாகியிருந்தது. அதே வரையறை பாதுகாப்புக் கருதி 12 வோல்ட்டை 20 ஆம்பியர் எல்லை கொண்ட தனித்தனி வரிகளாகப் பிரித்தது. ஒரு வரியில் கார்டு எல்லை தாண்டிப் பெட்டி அணைய, பக்கத்து வரி சும்மா கிடந்தது. அந்தப் பிரிவினை பின்னர் தளர்த்தப்பட்டது.

அதே ஆண்டுகளில் வேறொரு நோயும் பரவியது. தரமற்ற எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் மதர்போர்டுகளிலும் பெட்டிகளிலும் தலைவீங்கிக் கசிந்தன. அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டிய உறுப்பே தளர்ந்ததால், புதிதில் ஒழுங்காக ஓடிய கணினி இரண்டு மூன்று ஆண்டுகளில் மறுதொடக்க நோயாளி ஆனது. விண்டோஸ் எக்ஸ்பி குழப்பத்தைக் கூட்டியது: நீலத்திரை தோன்றும் கோளாறு வந்தால் உடனே மறுதொடக்கம் செய்வதை அது இயல்பு அமைப்பாக வைத்திருந்தது. டிரைவர் பிழையும் மின் பிழையும் பயனருக்கு ஒரே தோற்றம் காட்டின.

2004-இல் அமெரிக்காவில் தொடங்கிய '80 பிளஸ்' திட்டம் 20, 50, 100 விழுக்காட்டுப் பளுவில் குறைந்தது 80 விழுக்காடு செயல்திறன் கேட்டது. பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு தரங்கள் 2008-இல் சேர்ந்தன. கடைகளில் இன்று தரத்தின் மறுபெயர்போல் இது விற்கப்படுகிறது. ஆனால் அது அளப்பது எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்பதையே. திடீர்ப் பளுவில் 12 வோல்ட் நிலைகுலையாமல் நிற்குமா என்பதை அது சொல்வதில்லை. சுவர் மின்சாரம் நின்றபின் பெட்டி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதையும் சொல்வதில்லை. ஏடிஎக்ஸ் வரையறை அதற்குக் கேட்டது சுமார் 16 மில்லிவினாடி, அதாவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றைவிடக் குறைவு. 2008-க்குப் பின் சில ஆண்டுகள் கடும் மின்வெட்டில் இருந்த தமிழ்நாட்டில் பலர் கணினிக்கு யுபிஎஸ் வைத்திருந்தார்கள். யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் சில மில்லிவினாடிகளைக்கூடத் தாங்காத பெட்டிகள் யுபிஎஸ் இருந்தும் கணினியை மறுதொடக்கம் செய்தன.

2020-இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டின் அறிவிக்கப்பட்ட மின்தேவை 320 வாட். ஆனால் இத்தகைய கார்டுகள் ஒரு மில்லிவினாடிக்கும் குறைந்த நேரத்துக்கு அதைவிட வெகு உயரமான உச்சங்களைத் தொடும். சராசரிக் கணக்கில் போதுமான பெட்டியின் பாதுகாப்புச் சுற்று இந்த உச்சத்தை ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு அணைத்துவிடும். 2022 பிப்ரவரியில் வந்த ஏடிஎக்ஸ் 3.0 இதற்கான பதில்: புதிய 16 முனை இணைப்பி கொண்ட, 450 வாட்டுக்கு மேற்பட்ட பெட்டி, தன் திறனைப் போல இருமடங்கை 100 மைக்ரோவினாடி தாங்க வேண்டும். 600 வாட் வரை தரும் அந்த இணைப்பி, அதே ஆண்டு வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் உருகியது. 2023-இல் அதில் இணைப்பை உணரும் சிறு முனைகளைக் குட்டையாக்கித் திருத்தினார்கள்; முழுதும் செருகாவிட்டால் கார்டு மின்சாரம் எடுக்காது.

பெட்டியைத் தேர்வதும் பழுது பார்ப்பதும் இந்த வரலாற்றின் பாடங்களிலிருந்தே வருகின்றன. பிராசசர், கார்டு இரண்டின் தேவையையும் கூட்டி, உச்சங்களுக்கு இடம் விட்டு, 12 வோல்ட் ஆம்பியரைப் பார்த்து வாங்குவது முறை. மறுதொடக்கமாகும் கணினியில் முதலில் விண்டோஸின் நிகழ்வுப் பதிவைப் பார்ப்பார்கள். 'கெர்னல் பவர் 41' பதிவில் பிழை எண் பூஜ்யமாக இருந்தால் விண்டோஸ் எதையும் குறித்துக்கொள்ளும் முன்பே மின்சாரம் போயிருக்க வாய்ப்பு அதிகம்; வேறு எண் இருந்தால் டிரைவரோ மெமரியோ சந்தேகத்துக்குரியது. பிறகு பிராசசரை மட்டும், அடுத்துக் கார்டை மட்டும் பளுவேற்றிப் பார்ப்பது. கார்டின் மின் வரம்பை 70 விழுக்காட்டுக்கு இறக்கியதும் தொல்லை நின்றால் சந்தேகம் பெட்டி மீதும் அதன் கேபிள் மீதும் விழும். ஒரே கேபிளின் இரட்டைத் தலையில் கார்டைத் தொங்கவிட்டிருந்தால் இரண்டு தனிக் கேபிள்களாக மாற்ற வேண்டும். மல்டிமீட்டர் இங்கே அதிகம் உதவாது. மைக்ரோவினாடிச் சரிவை அது காட்டாது. நன்றாக ஓடும் இன்னொரு பெட்டியை மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அதிலும் தொல்லை தொடர்ந்தால் யுபிஎஸ், சுவர் பிளக், கேபினெட்டின் ரீசெட் பொத்தான் கம்பி, கடைசியாக மதர்போர்டு என்று தேடல் நகரும்.