மேடைக்கு வந்த லிவ் உல்மன்

1966இல் வெளியான இங்மார் பேர்க்மனின் 'பெர்சோனா' திரைப்படத்தில், 'எலெக்ட்ரா' நாடக மேடையிலே திடீரெனப் பேச்சிழக்கும் நடிகையாக வந்தவர் நோர்வேயின் லிவ் உல்மன். படம் முழுவதும் அவருக்கு வசனம் இல்லையென்றே சொல்லலாம், முகமே பேசியது. பேர்க்மனின் நடிகை என்றே உலகம் அவரை நெடுங்காலம் அறிந்திருந்தது. 1992இல் 'சோஃபி' மூலம் திரைப்பட நெறியாளரானார்.

2009இல் சிட்னி தியேட்டர் கம்பனிக்காக டெனசி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தை அவர் நெறியாள்கை செய்தபோது வயது 70. பிளான்ச் பாத்திரத்தில் கேட் பிளான்செட். 1951ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பின்னர் இந்நாடகம் என்றாலே பலருக்கும் மார்லன் பிராண்டோதான் நினைவுக்கு வருவார். (ஒஸ்கார் கிடைத்ததென்னவோ விவியன் லீக்குத்தான்!) உல்மனோ, நிலைகுலையும் அந்தப் பெண்ணிடமே நாடகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வாண்டிலேயே அது வோஷிங்டனிலும் நியூயோர்க்கின் புரூக்ளினிலும் மேடையேறியது.