ஹவுஸ் காஸ் ஏரி

தெற்கு தில்லியில் சிரி கோட்டைக்கு மேற்கே உள்ள ஏரி. தில்லி சுல்தான்கள் வெட்டிய பெருங்குளங்களில் ஒன்று. கரையில் 14ஆம் நூற்றாண்டு மதரசா ஒன்றின் இடிபாடுகளும், பிரோஸ் ஷா துக்ளக்கின் கல்லறையும், ஏரியை ஒட்டிப் புல்வெளியும் மான் பூங்காவும் உள்ளன. நகருக்குக் குடிநீர் தருவதற்காக வெட்டப்பட்டாலும், வெட்டிய சில பத்தாண்டுகளிலேயே மக்கள் வந்து பொழுது போக்கும் இடமாகிவிட்டது. படையெடுத்து வந்தவர்கள் இதன் கரையில் பாளையம் இறங்கியிருக்கிறார்கள். நடுவில் தண்ணீர் வற்றிய காலங்களில் உழவும் மேய்ச்சலும் இதன் படுகைக்குள் புகுந்தன.

ஏரியை வெட்டியவர் அலாவுதீன் கில்ஜி என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை; அவர் பெயராலேயே அது முதலில் ஹவுஸ்-இ-அலாய் எனப்பட்டது. எந்த ஆண்டு என்பதில்தான் குழப்பம். 1295 என்று சில நூல்கள் குறிக்கின்றன. ஆனால் அலாவுதீன் அரியணை ஏறியதே 1296இல் என்பதால் அந்தக் கணக்கு உதைக்கிறது. 1303ஐ ஒட்டி எழுந்த சிரி நகரின் தேவைக்காக வெட்டப்பட்டது என்பது பலர் ஏற்கும் கருத்து. மதுரை வரை வந்த அலாவுதீனின் தளபதி மாலிக் காபூரின் படை 1311இல் யானைகளோடும் பொன்னோடும் திரும்பிச் சேர்ந்தது இந்தச் சிரிக்குத்தான். தொடக்கத்தில் ஏரி ஏறத்தாழ 700 மீட்டருக்கு 600 மீட்டர் பரப்பும் 4 மீட்டர் ஆழமும் கொண்டிருந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஏக்கர் கணக்கில் நூற்றுக்கு மேல். ஆற்று வரத்து கிடையாது. ஆரவல்லிக் குன்றுகளின் கடைசிச் சரிவான தில்லி மேட்டிலிருந்து மழைக்காலத்தில் இறங்கி வரும் வெள்ளமே இதை நிரப்பியது. நம் ஊர் வழக்கில் சொன்னால் வானம் பார்த்த ஏரி.

ஏரிக்கரை வாழ்க்கையைப் பற்றிய மிகச் செழிப்பான குறிப்பு மொராக்கோ பயணி இப்னு பதூதாவுடையது. 1334இல் தில்லி வந்து, முகம்மது பின் துக்ளக்கிடம் நீதிபதியாகப் பணியாற்றியவர் அவர். பின்னாளில் மதுரை சுல்தானின் விருந்தாளியாகத் தமிழ்நாட்டையும் பார்த்தார். மெஹ்ரோலியில் இருக்கும் ஷம்சி குளத்தைவிட இது பெரியது என்றும், கரையைச் சுற்றி நாற்பது மண்டபங்கள் இருந்தன என்றும் அவர் சொல்கிறார். கரையில் இசைவாணர்களின் குடியிருப்பு. அதற்குத் தராபாபாத் என்று பெயர். அங்கே பெரிய கடைவீதியும், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கான பள்ளிவாசலும், வேறு பல பள்ளிவாசல்களும் இருந்தன. ரமலான் இரவுகளில் பாடகியர் அந்தப் பள்ளிவாசல்களில் கூட்டமாக நின்று சிறப்புத் தொழுகை நடத்தினர் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆண் இசைவாணர்களைப் பற்றி அவரே கண்ட காட்சி ஒன்றும் உண்டு. ஓர் அமீரின் திருமணத்தில் பாட வந்தவர்கள் ஒவ்வொருவரும் தொழுகை விரிப்பைக் கூடவே வைத்திருந்தார்கள். பாங்கொலி கேட்டதும் எழுந்து, கைகால் கழுவித் தொழுதார்கள். அரசர்களின் வரிசையையும் போர்களையும் சொல்லும் அக்கால நூல்களில் பாடிப் பிழைத்தவர்களுக்கு இவ்வளவு இடம் கிடைப்பது அரிது. பயண நூல் 1355இல் நினைவிலிருந்து சொல்லி எழுதப்பட்டது என்பதால் மண்டபக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தராபாபாத்தின் கட்டடம் என்று உறுதியாகச் சுட்டிக் காட்ட இன்று எதுவும் இல்லை.

பிரோஸ் ஷா துக்ளக் 1351இல் ஆட்சிக்கு வந்தபோது ஏரி தூர்ந்து கிடந்தது. அவர் தம் பணிகளைப் பட்டியலிட்டு எழுதிய சிறு நூலில் இதன் நிலையைச் சொல்கிறார். படுகை மண் மேவித் தண்ணீரின்றிப் போயிருந்தது. மக்கள் அதற்குள் உழுது பயிரிட்டார்கள். கிணறு தோண்டி, அந்தத் தண்ணீரை விலைக்கு விற்றார்கள். குளம் குளமாக இருந்தபோது இலவசமாகக் கிடைத்த நீர், குளம் அழிந்ததும் குடத்துக்கு இவ்வளவு என்று ஆனதை ஓர் அரசரே பதிவு செய்திருக்கிறார். பிரோஸ் தூர் வாரச் செய்ததும் ஏரி மறுபடி ஆண்டுதோறும் நிரம்பியது.

அதன் தென்கிழக்குக் கரையில் 1352இல் மதரசா எழும்பியது. இரண்டு தளம், இரண்டு சிறகு. ஒன்று 76 மீட்டர் நீளம், மற்றது 138 மீட்டர். இரண்டும் சேரும் மூலையில் சுல்தானின் கல்லறை. ஏரிப் பக்கம் திறந்த மாடங்கள். கீழ்த்தளத்திலிருந்து தண்ணீருக்கு இறங்கப் படிகள். சுவர்களில் நூல் வைக்கும் பிறைகள். ஜியாவுத்தீன் பரனி தம் வரலாற்றில் பிரோஸின் மதரசா ஒன்றை வாயாரப் புகழ்கிறார்: அதன் அழகைக் கண்டவர்கள் சொந்த வீட்டை விட்டு அருகிலேயே குடியேற விரும்பினார்களாம். கவிஞர் முத்தஹ்ஹர் இன்னும் ஒரு படி மேலே போய், ஷிராஸ், யேமன், டமாஸ்கஸ் விரிப்புகளையும், பறவை இறைச்சி விருந்தையும், மாதுளைச் சாறு கலந்த பானத்தையும் வருணிக்கிறார். இவர்கள் பேசுவது ஹவுஸ் காஸ் மதரசாவைத்தானா, யமுனைக் கரை பிரோசாபாத்தில் இருந்த வேறொன்றையா என்ற ஐயம் அறிஞர்களிடையே உண்டு. பரனி சொல்லும் ஏரி, மாடம், தோட்டம் மூன்றும் இந்த இடத்துக்குப் பொருந்திவருகின்றன. அவர் சொல்வது இதைத்தான் என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. மாதுளைச் சாறு எங்கே பரிமாறப்பட்டது என்பதை அவ்வளவு எளிதாக முடிவு செய்ய முடியாது.

பிரோஸ் ஷா 1388இல் இறந்து, தாம் கட்டிய கல்லறையிலேயே அடக்கமானார். கல்லறையின் தெற்கு வாயில் முன் நிற்கும் கல் வேலி, சாஞ்சி போன்ற பௌத்தத் தலங்களின் வேலியை அப்படியே நினைவூட்டும். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடும் வேலைப்பாடு அது.

பத்தே ஆண்டுகளில் ஏரிக்கரைக்கு வேறு வகை விருந்தாளி வந்தார். 1398 டிசம்பர் 17 அன்று (சில நூல்களில் 18) தில்லிக்கு வெளியே நடந்த போரில் தைமூர், சுல்தான் நசிருத்தீன் மஹ்மூதின் படையை முறியடித்தார். அன்றே ஹவுஸ் காஸ் கரையில் அவர் படை பாளையம் இறங்கியது. இளவரசர்களும் தளபதிகளும் வெற்றி வாழ்த்துச் சொல்ல அங்கேதான் வந்தார்கள். தோற்ற சுல்தான் அன்றிரவே நகரை விட்டு ஓடிப்போனார். பெரும் குதிரைப்படைக்குப் பாளையம் என்றால் முதலில் வேண்டியது தண்ணீரும் மேய்ச்சலும்; போர்க்களத்துக்கு எட்டும் தொலைவில் இரண்டும் இந்த ஏரியைச் சுற்றிக் கிடைத்தன. ஒரு கரையிலிருந்து விட்ட அம்பு மறு கரையை எட்டாது என்றும், மழையில் நிரம்பும் நீர் ஆண்டு முழுதும் நகருக்குப் போதும் என்றும், பிரோஸின் கல்லறை கரையில் நிற்கிறது என்றும் தைமூரின் பெயரில் வழங்கும் தன்வரலாறு சொல்கிறது.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. அந்நூல் ஏரியைக் கட்டியவர் பிரோஸ் என்கிறது. தூர் வாரியவரை வெட்டியவராகக் கொண்ட பிழை அது. அடுத்தது, நூலே 1637இல் ஷாஜகானுக்கு அளிக்கப்பட்ட பாரசீக ஏடு. தைமூரின் சொந்த வாக்கு என்பதை அறிஞர்கள் பலர் ஏற்பதில்லை. எனினும் 1420களில் ஷரபுத்தீன் அலி யஸ்தி எழுதிய வெற்றி வரலாறும் ஏரிக்கரைப் பாளையத்தைச் சொல்வதால், அந்தச் செய்தியை ஐயுற இடமில்லை. அடுத்த நாட்களில் நகரம் சூறையாடப்பட்டது. கொல்லப்பட்டோர் தொகையை ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. பிடிபட்ட யானைகள் சமர்கந்துக்கும் ஹெராத்துக்கும் தப்ரீசுக்கும் அனுப்பப்பட்டன. 1399 பிறந்ததும் தைமூர் கிளம்பிவிட்டார்.

15ஆம் நூற்றாண்டு பற்றிக் கிடைப்பது மிகக் குறைவு. கல்லறை வாயில் கல்வெட்டின்படி சிக்கந்தர் லோதி 1507–08இல் அதைப் பழுது பார்த்தார். 1526 பானிபட் வெற்றிக்குப் பின் பாபர், யமுனைக் கரையில் பாளையம் போட்டு, அங்கிருந்து சுற்றிப் பார்க்கக் கிளம்பிய இடங்களில் ஹவுஸ் காஸும் ஒன்று. அன்று மாலை படகேறிச் சாராயம் அருந்தியதை அவரே எழுதிவைத்திருக்கிறார். முகலாயர் யமுனையோரம் நகர் அமைத்த பிறகு ஏரியைப் பற்றிய பேச்சே குறைந்துபோனது. மதரசா அறைகளில் ஊர்மக்கள் குடியேறினார்கள். சுற்றிலும் ஹுமாயூன்பூர், முனிர்க்கா, ஷாபூர் ஜாட் என உழவும் மாடும் சார்ந்த ஊர்கள். ஏரிக்கரை அவர்களின் மேய்ச்சல் நிலமாக மாறியது.

ஏரி எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதை முண்டா கும்பத் என்ற சிறு கட்டடத்தைப் பார்த்தால் தெரியும். இன்று அது மான் பூங்காப் பக்கம் மேட்டில் நிற்கிறது. ஒரு காலத்தில் ஏரியின் நடுவே தீவாக இருந்த மண்டபம் என்பது வழிவழியாக வரும் செய்தி. கரையில்தான் இருந்தது என்பாரும் உண்டு. அருகே 1501ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு பாக்-இ-ஆலம் கும்பத் நிற்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் தெற்கு தில்லி வளர்ந்தபோது வரத்து வழிகள் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் அடியில் போயின. 1960களில் ஏரி வறண்டது. தில்லி வளர்ச்சி ஆணையம் நிலத்தைப் பூங்காவாக்கியது. அதில் ஒரு பகுதிக்குத் தில்லியின் முதல் துணைநிலை ஆளுநர் ஆதித்ய நாத் ஜாவின் பெயரை வைத்து மான் பூங்கா அமைத்தது. ஒரு சில புள்ளிமான்களோடு தொடங்கிய கூட்டம் வேலிக்குள்ளேயே பெருகியது. வேட்டைப் பிரியரான பிரோஸ் ஷா தில்லி மேட்டின் வடக்குப் பகுதியில் வேட்டை மாளிகையே கட்டியவர். அவர் கல்லறைக்குப் பக்கத்தில் மான்கள் அச்சமின்றிப் புல் மேய்வது நம் காலத்தவர்களுக்குக் கிடைத்த காட்சி. 1980களிலிருந்து ஹவுஸ் காஸ் கிராமம் ஆடைக் கடைகளும் உணவகங்களும் நிறைந்த இடமாக மாறியது. கிராம நத்தமான லால் டோரா பகுதிக்குக் கட்டட விதிகள் தளர்வாக இருந்தது அதற்கு ஒரு காரணம்.

2000களின் தொடக்கத்தில் மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் முயற்சியால் வசந்த் குஞ்ச் சுத்திகரிப்பு நிலையத்து நீர் ஏரிக்குத் திருப்பப்பட்டது. இன்றைய நீர்ப்பரப்பு சுமார் 15 ஏக்கர். வருவது சுத்திகரித்த கழிவுநீர் என்பதால் கோடையில் பாசி படர்ந்து நாறுகிறது. 2018ஐ ஒட்டி, நீரைச் சுத்தப்படுத்தும் செடிகளை மிதவைகளில் வளர்த்துப் பார்த்தார்கள். மான்களின் எண்ணிக்கை 600ஐத் தொட்ட நிலையில், மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2023இல் மான் பூங்காவின் அங்கீகாரத்தை நீக்கியது. ஒரு பகுதி மான்கள் ராஜஸ்தான் காடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மாற்றிய முறையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

கூடாரம் அடித்து இரவு தங்கும் இடம் இங்கே இல்லை. பொழுது சாய்ந்ததும் பூங்கா மூடப்படும். கல்லறையும் மதரசாவும் தொல்லியல் துறையின் பொறுப்பு, ஏரியும் பூங்காவும் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் பொறுப்பு; இரண்டுக்கும் வாயில் வேறு வேறு. 2010இல் திறந்த ஹவுஸ் காஸ் மெட்ரோ நிலையம் அருகில் உண்டு. ராமகிருஷ்ணபுரத்துத் தில்லித் தமிழ்ச் சங்கத்துக்கு வருகிறவர்கள் சிறிது தூரம் கூடுதலாக வந்தால் போதும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மழை விட்ட செப்டம்பரில் வருகிறவர்களுக்கு ஏரி நிறைந்து காணப்படும். மான்களுக்கு ரொட்டியும் பிஸ்கட்டும் நீட்ட வேண்டாம். அவற்றுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.