தொண்டு அமைப்புகளின் பராமரிப்பில் உள்ள குழந்தைகள், முதியோர், மனநலம் பாதிக்கப்பட்டோர்: பாதுகாப்பு குறித்து குடும்பத்தினர் அறிய வேண்டியவை

குழந்தைகளையும், பிறர் துணையின்றி இயங்க இயலாத பெரியவர்களையும் உடல், மன, பாலியல் துன்புறுத்தலிலிருந்தும், புறக்கணிப்பிலிருந்தும், பணச் சுரண்டலிலிருந்தும் காப்பதற்கான ஏற்பாடுகள் அனைத்தும் சேர்ந்ததே பாதுகாப்பு ஆகும். தீங்கு நேர்ந்த பின் நடவடிக்கை எடுப்பது அதன் ஒரு பகுதி மட்டுமே. தீங்கு நேர இடம் தராதபடி ஓர் அமைப்பு தன் அன்றாட நடைமுறைகளை வகுத்துக்கொள்வதே அதன் முதன்மையான பகுதி.

தொண்டு நிறுவனம், அறக்கட்டளை, முதியோர் இல்லம், பகல்நேரப் பராமரிப்பு மையம், மாலை நேரப் பாடவகுப்பு போன்றவற்றில் உங்கள் குடும்பத்தவரை விட்டிருந்தாலும், விட எண்ணியிருந்தாலும் இவ்விளக்கம் உங்களுக்குப் பயன்படும். சின்ன காஞ்சிபுரம் பகுதிக் குடும்பங்களின் சூழலை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது. இதில் கூறப்படும் சட்டங்கள் நாடு முழுவதற்கும் பொருந்தும்.

யாருக்குக் கூடுதல் பாதுகாப்பு தேவை?

• 18 வயது நிறைவடையாத அனைவரும். சட்டப்படி இவர்கள் குழந்தைகளே.
• படுக்கையில் உள்ள நோயாளிகள், மறதி நோய் உள்ள முதியோர்.
• மனநலம் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடு உள்ளோர்.
• பேச்சு, பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ளோர்.
• குடும்பத்தைப் பிரிந்து, உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஓர் அமைப்பையே முழுமையாகச் சார்ந்திருப்போர்.

தொண்டு அமைப்புகளில் இந்தக் கவனம் ஏன் தேவை?

பெரும்பாலான தொண்டர்கள் நல்லெண்ணத்துடனேயே பணியாற்றுகின்றனர். ஆயினும், இலவசமாக உதவி பெறும் குடும்பம் கேள்வி கேட்கத் தயங்குகிறது. “சோறு போட்டு வைத்துக்கொள்கிறார்கள், அவர்களிடம் போய் என்ன கேட்பது?” என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. தீங்கு செய்ய நினைப்பவருக்கு இந்தத் தயக்கமே மறைவிடமாகிறது. தீய நோக்கம் எதுவும் இல்லாத இடத்திலும், கேட்பார் இல்லாதபோது கவனக்குறைவு வழக்கமாகிவிடுகிறது.

இதன் விளைவு எவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவில் நோய் தீரும் என்ற நம்பிக்கையுடன் குடும்பத்தினர் அழைத்து வந்த மனநோயாளிகள் தனியார் காப்பகங்களில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் அத்தகைய காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் இதனைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

அந்தச் சங்கிலிகள் மறைத்து வைக்கப்பட்டவை அல்ல. வந்து சென்றவர்கள் அவற்றைக் கண்டனர். நோயாளி ஓடிவிடாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு என்றே பலரும் அவற்றை ஏற்றுக்கொண்டனர். கட்டிவைத்தலும் அடைத்துவைத்தலும் “பராமரிப்பு” என்ற பெயரில் பழகிப்போனால், ஆபத்து கண்முன்னே இருந்தும் தெரியாமல் போகும். இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடை செய்கிறது. தனிமையில் அடைத்துவைப்பதற்கும் அச்சட்டத்தில் தடை உள்ளது.

சின்ன காஞ்சிபுரம் பகுதியில் கவனிக்க வேண்டிய சூழல்கள்

தறி வேலை உள்ள வீடுகள்: பட்டு நெசவில் கணவனும் மனைவியும் நாள் முழுவதும் தறியில் இருக்க, முதியோரும் குழந்தைகளும் பிறர் பொறுப்பில் விடப்படுவதுண்டு. நெசவுக்காகப் பெற்ற முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தைகள் தறியில் அமர்த்தப்பட்ட நிலையும் இந்நகரில் இருந்திருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை வேலைக்கு அமர்த்துவது குற்றம். சொந்தக் குடும்பத் தொழிலில்கூடப் பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ மட்டுமே, ஆபத்தில்லாத பணிகளில் உதவலாம். கடனுக்கு ஈடாக உழைப்பைப் பிணைப்பது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976இன்படி குற்றமாகும். மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த குழந்தை திடீரென நின்றுவிட்டால், காரணத்தை விசாரிப்பது அவ்வகுப்பை நடத்துவோரின் கடமை.

திருவிழாக் கூட்டம்: வரதராஜப் பெருமாள் கோயிலின் வைகாசி கருட சேவையன்று பெருங்கூட்டம் கூடுகிறது. குழந்தைகளும், மறதி நோய் உள்ள முதியோரும் வழி தவறுவதுண்டு. அவர்களது சட்டைப்பையில் உறவினரின் தொலைபேசி எண் எழுதிய சீட்டை வைத்து அனுப்புங்கள். வழிதவறிய குழந்தையை எந்த அமைப்பும் தானாகவே தன் இல்லத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்கோ, குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது இளைஞர் நீதிச் சட்டம், 2015இன்படி தண்டனைக்குரியது.

நீண்டகாலச் சிகிச்சை: காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் பெற்றோர் ஒருவர் வாரக்கணக்கில் சிகிச்சை பெறும்போது, மற்றவர் உடனிருக்க வேண்டியுள்ளது. அந்நாட்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அறிமுகமற்ற ஒருவர் முன்வந்தால், அவசரத்தில் ஒப்புக்கொள்ளாமல் கீழ்க்காணும் கேள்விகளைக் கேளுங்கள்.

சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

1. பதிவுச் சான்று உள்ளதா? பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைக்கும் இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம், அறக்கட்டளை நடத்துவதாயினும், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். முதியோர் இல்லம் குறித்து மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். அறக்கட்டளையாகப் பதிவு செய்திருப்பது மட்டும் இல்லம் நடத்துவதற்கான அனுமதி ஆகாது.

2. பணியாளர்களின் பின்னணி சரிபார்க்கப்பட்டதா? குழந்தைகளுடன் தொடர்ந்து பழகும் பணியாளர் ஒவ்வொருவருக்கும் காவல் துறைச் சரிபார்ப்பு செய்யப்பட வேண்டும் என்று போக்சோ விதிகள், 2020 கூறுகின்றன. ஒப்பந்தப் பணியாளருக்கும் இது பொருந்தும். தன்னார்வலர்களுக்கும் இதையே கடைப்பிடிக்குமாறு கேளுங்கள்.

3. முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கலாமா? “வருவதற்கு முன் தொலைபேசியில் சொல்லுங்கள்” என்பது எப்போதும் கட்டாயமாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

4. தனியாகப் பேசலாமா? உங்கள் குடும்பத்தவருடன், பணியாளர் எவரும் அருகில் இல்லாமல் பேச முடிய வேண்டும்.

5. புகாரை யாரிடம் சொல்வது? பொறுப்பாளர் ஒருவரின் பெயரும், அவர்மீதே புகார் இருந்தால் அணுக வேண்டிய மற்றொருவரின் பெயரும் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

6. இரவில் யார் இருக்கிறார்கள்? தீ விபத்து நேர்ந்தால் படுக்கையில் இருப்பவர்களை எவ்வழியே, யார் வெளியேற்றுவார்கள்? வாயில்கள் வெளிப்புறம் பூட்டப்படுகின்றனவா?

இக்கேள்விகளைக் கேட்பது நன்றி மறந்த செயல் ஆகாது. நல்ல அமைப்புகள் இவற்றை வரவேற்கும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

குழந்தைகளிடம்: காரணம் சொல்ல இயலாத காயங்கள், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் அச்சம், நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மீண்டும் தொடங்குதல், உறக்கமின்மை, வயதுக்கு ஒவ்வாத பாலியல் பேச்சு, பிறப்புறுப்பில் வலி அல்லது இரத்தக்கசிவு, விளக்கமற்ற பரிசுப் பொருள்கள்.

பெரியவர்களிடம்: மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கயிற்றுத் தழும்பு, படுக்கைப்புண், விரைவான எடை இழப்பு, எப்போதும் மயக்கம் போன்ற தூக்க நிலை, கட்டாயமாகத் தலைமுடி மழிக்கப்பட்டிருத்தல், ஓய்வூதியப் பணமும் வங்கி அட்டையும் பிறர் கைவசம் இருத்தல்.

இவற்றுள் ஒன்று மட்டுமே துன்புறுத்தலுக்குச் சான்றாகிவிடாது. படுக்கைப்புண்ணும் எடை இழப்பும் நோயினாலும் ஏற்படலாம். ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்த்ததைத் தேதியுடன் எழுதி வையுங்கள்.

குழந்தை உங்களிடம் சொன்னால்

• குறுக்கிடாமல் கேளுங்கள். “அப்படியெல்லாம் இருக்காது” என்று கூறாதீர்கள்.
• “நீ சொன்னது நல்லது, இதில் உன் தவறு எதுவும் இல்லை” என்று கூறுங்கள்.
• “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வதாகக் கூறுங்கள்.
• மீண்டும் மீண்டும் விசாரிக்காதீர்கள். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி வையுங்கள்.
• குற்றம் சாட்டப்பட்டவரை நீங்களே நேரில் கேட்கவோ, ஊர்ப் பெரியவர்கள் முன் சமரசம் பேசவோ முற்படாதீர்கள்.
• குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி ஆகியவற்றை வாட்ஸ்அப் உள்ளிட்ட எதிலும் பகிராதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது குற்றமாகும்.

மருத்துவ உதவி

பாலியல் வன்கொடுமை நேர்ந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இயன்றவரை பரிசோதனைக்கு முன் குளிக்கவோ உடைகளைத் துவைக்கவோ வேண்டாம். ஏற்கெனவே செய்துவிட்டிருந்தாலும் தயங்காமல் செல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தடுப்பு மாத்திரையும் விரைந்து எடுத்தால்தான் நன்கு பயனளிக்கும்.

காவல் நிலையத்தில் வழக்குப் பதிவான பிறகே சிகிச்சை என்ற நிபந்தனை கிடையாது. தனியார் மருத்துவமனைகளும் முதலுதவியை இலவசமாக அளிக்க வேண்டும். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறுதியாகத் தெரியாதபோது புகார் அளிக்கலாமா?
அளிக்கலாம். போக்சோ சட்டம், 2012இன்படி, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் தெரிவித்தே ஆக வேண்டும். நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் தெரிவிக்க வேண்டும். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது நடவடிக்கை எடுக்க இயலாது. உண்மையைக் கண்டறிவது விசாரணை அமைப்பின் பணி.

“வெளியில் தெரிந்தால் நிறுவனத்தின் பெயர் கெடும், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று நிர்வாகம் கூறினால்?
அதை ஏற்க வேண்டியதில்லை. தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த பாலியல் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

குழந்தை காவல் நிலையம் செல்ல வேண்டுமா?
கட்டாயம் இல்லை. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ பதிவு செய்யலாம். பதிவு செய்யும் அலுவலர் சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது.

மாற்றுத்திறனாளிக்குத் துன்புறுத்தல் நேர்ந்தால்?
மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன்படி எவரும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம். பாதிக்கப்பட்டவரை மீட்கவும் பாதுகாப்பான இடத்தில் வைக்கவும் அவர் ஆணையிடலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் அணுகலாம்.

மனநல இல்லத்தில் உள்ளவருக்கு என்னென்ன உரிமைகள் உள்ளன?
தம் சொந்த உடையை அணியலாம். பார்வையாளரைச் சந்திக்கலாம், தொலைபேசியில் பேசலாம். தலைமுடியைக் கட்டாயமாக மழிக்கக் கூடாது. விருப்பமின்றி வேலை வாங்கக் கூடாது. வேலை செய்தால் ஊதியம் தர வேண்டும். உரிமை மீறப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம்.

புகார் அளித்தால் வேறு போக்கிடம் இல்லையே?
பலரை மௌனமாக்குவது இந்த அச்சமே. குழந்தைக்கு மாற்றுப் பராமரிப்பு ஏற்பாடு செய்யும் அதிகாரம் குழந்தைகள் நலக் குழுவுக்கு உண்டு. ஆதரவற்ற முதியவருக்கு மாற்று இடம் குறித்து 14567 என்ற எண்ணிலும் மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் வழிகாட்டுதல் பெறலாம். புகார் அளிக்கும்போதே இத்தேவையையும் தெரிவியுங்கள்.

உதவி எண்கள்

• குழந்தைகள் உதவி எண்: 1098
• அவசர உதவி: 112
• அவசர ஊர்தி: 108
• பெண்கள் உதவி எண்: 181
• முதியோர் உதவி எண்: 14567
• டெலி-மானஸ் மனநல ஆலோசனை: 14416
• மருத்துவ ஆலோசனை: 104

இவ்வெண்களை அலைபேசியில் பதிந்து வையுங்கள். பராமரிப்பில் உள்ள உங்கள் குடும்பத்தவரிடமும் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை பார்க்கச் செல்லும்போது சிறிது நேரம் தனியாக அமர்ந்து, “இங்கே உனக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.