வெட்டுக்கல்லின் லத்தீன் பெயர்

திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், கைக்கு வந்த நாடுகளைப் பார்த்துவரும்படி பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அனுப்பியது. சென்னையில் கிளம்பி மைசூர், கன்னட நாடு, மலபார் என்று சுற்றியவர் பயிர், தறி, வரி என எதையும் விடாமல் எழுதினார். மலபாரின் அங்காடிப்புரத்தில் அவர் கண்ட கல்தான் அந்தப் பயணத்தின் பெரும் அறுவடை. பாறையின் மேல் அடுக்கு அடுக்காகப் பிரியாமல் ஒரே பிண்டமாகக் கிடந்தது; எங்கும் துளை; சிவப்பும் மஞ்சளுமாய் இரும்புக் காவி. மண்ணுக்குள் இருக்கும்வரை எந்த இரும்புக் கருவிக்கும் இணங்கும். வெட்டி எடுத்துக் காற்றுப்பட வைத்தால் சில நாளில் இறுகிவிடும்.

1807இல் வெளிவந்த தம் பயண நூலில் இதற்கு ‘லேட்டரைட்’ என்ற பெயரை அவர் முன்மொழிந்தார். லத்தீனில் ‘லேட்டர்’ என்றால் செங்கல். இதை அவருடைய சொந்தக் கற்பனை என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளூர் மொழிகள் சிலவற்றில் இந்தக் கல்லை இட்டிகைக் கல், அதாவது செங்கற்கல், என்கிறார்கள் என்று அவரே குறித்திருக்கிறார். அகநானூற்றில் நெடுஞ்சுவர் எழுப்பிய அதே இட்டிகைதான். உலகப் புவியியல் பாடநூல்களெல்லாம் சுமக்கும் சொல், நம் பக்கத்துக் கொத்தனார் பேச்சின் லத்தீன் பெயர்ப்பு. 1979இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லுக்கென்று ஒரு நினைவுச் சின்னமே எழுப்பியது.

மற்றப் பெயர்களையும் பார்க்கலாம். மலையாளத்தில் வெட்டுகல்லு. தமிழில் செம்பூறாங்கல், துருக்கல், சொறிக்கல். செம்பூறான் நிறத்தைச் சொல்கிறது. துரு, உள்ளிருக்கும் இரும்பை. சொறி, துளை விழுந்த முகத்தை. வெட்டுகல்லு கல்லின் முதல் நாளைச் சொல்ல, லேட்டரைட் பிந்தைய நாளைச் சொல்கிறது. இறுகும் குணம் முழுக்கத் தெரிய இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் இதிலிருந்து வரும் மண்ணைச் ‘சரளை மண்’ என்று எழுதுகிறது. சரளை என்றால் பொடிக்கல். ‘துருக்கல் மண்’ கையருகே இருக்க அதை ஏன் எடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பின்னால் வந்த வேதியியலார் பெயரைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். மழையும் வெயிலும் மாறி மாறி வரும் நாட்டில் பாறையின் சிலிக்கா கரைந்து போகும். இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். ஆகவே 1920களில், சிலிக்காவுக்கும் அலுமினாவுக்கும் உள்ள விகிதம் 1.33க்குக் கீழே இருந்தால்தான் லேட்டரைட் என்று வரம்பு கட்டினார்கள். வெட்டுகிறவனுக்கு இந்த எண்ணால் என்ன பயன்? கல் இறுகுமா என்பதை அது சொல்வதில்லை. 1960இல் அமெரிக்க மண்ணியலாளர்கள் புதிய வகைப்பாட்டை வெளியிட்டபோது, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து திரும்ப இளகாதபடி இறுகும் இரும்புச் செறிவு மண்ணுக்குத் தனிப் பெயர் தேவைப்பட்டது. ‘பிளிந்தைட்’ என்று வைத்தார்கள். கிரேக்கத்தில் ‘பிளிந்தோஸ்’ என்றாலும் செங்கல்தான்! லத்தீனை விட்டுக் கிரேக்கத்துக்குப் போயும் செங்கல்லை விட முடியவில்லை.

இறுகுவதன் காரணம் இரும்புதான். நீர் வற்றும்போது இரும்பு ஆக்சைடுகள் படிகமாகித் துகள்களைப் பிணைக்கின்றன. அதனால் வெட்டிய அன்றே நசுக்கிப் பார்த்த வலிமையும் காயவிட்டுப் பார்த்த வலிமையும் ஒன்றாக இருக்காது. ஊறிய கல்லும் உலர்ந்த கல்லும் அப்படியே. கட்டுமான வெட்டுக்கல்லுக்கு இந்தியத் தரநிலை கேட்கும் குறைந்த அளவு நசுக்கு வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். நல்ல கருங்கல் 100ஐ எளிதில் தாண்டும். பாறைப் பொறியியலார் கண்ணில் 25க்குக் கீழே இருப்பதெல்லாம் மென்பாறை. இது அதிலும் கடைசி வரிசை.

‘செங்கல்’ என்ற பெயர் மறைக்கிற செய்தி ஒன்று உண்டு. செங்கல் எங்கும் ஒரே சீர். இந்தக் கல் அப்படியில்லை. மேலே கெட்டி ஓடு, நடுவே வெட்டுக்கல், அதற்கும் கீழே வெளிர்நிறக் களிமண். மங்களூர்ப் பக்கம் அதை ‘சேடி’ மண் என்பார்கள். ஆழம் போகப் போகப் பலம் கூடும் என்ற வழக்கமான நம்பிக்கை இங்கே தலைகீழ். சேடி உலர்ந்திருக்கும்போது நின்றுகொடுக்கும். மழைநீர் ஏறினால் வலிமை இழக்கும். மேல் ஓட்டை நம்பிக் குன்றைச் செங்குத்தாக வெட்டிய இடங்களில் மழைக்காலத்தில் சரிவது பெரும்பாலும் அடியிலிருக்கும் இந்த மண்ணால்தான்.

காற்றையும் நீரையும் இந்தியாவில் தாம் கண்ட எந்தச் செங்கல்லையும்விட இது நன்றாகத் தாங்கும் என்று புக்கானன் நற்சான்று கொடுத்திருந்தார். மலபாரின் பல பழஞ்சுவர்கள் அதை மெய்ப்பிக்கின்றன. கோவாவின் பாம் ஜீசஸ் பேராலயம் வேறு மாதிரி. 1605இல் அர்ப்பணிக்கப்பட்ட அதன் வெட்டுக்கல் சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சுக்குள் இருந்தன. 1950களில், கல் தெரியட்டும் என்று பூச்சை உரித்தார்கள். அந்தச் செம்முகத்தைத்தான் இன்று எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். ஆண்டுதோறும் மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவருகிறது. திரும்பப் பூச வேண்டும் என்று பராமரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.