870 ஆடுகளும் ஒரு சின்ன மாத்திரையும்: தைராய்டு மருந்தும் தூக்கமும்

திண்டுக்கல்ல நிறைய வீடுகள்ல காலை அஞ்சு மணி அலாரம் இப்போ பால்காரருக்காக அடிக்கிறது இல்ல, தைராய்டு மாத்திரைக்காக அடிக்குது. மாத்திரையைப் போட்டுட்டு, காபி வாசனை வந்தாலும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கணும். இந்த மாத்திரையைப் பத்தி ரெண்டு புகார் கேட்டிருப்பீங்க. "இதைப் போட ஆரம்பிச்சதுல இருந்து தூக்கமே இல்ல." "இதைப் போட்டும் எந்நேரமும் தூக்கம் தூக்கமா வருது." ஒன்றுக்கொன்று எதிரான இந்த ரெண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அதுக்கு ஒரு நூற்றைம்பது வருஷம் பின்னால போகணும்.

1873-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் ஒரு நோயை விவரித்தார். நடுவயதுப் பெண்களுக்கு முகம் வீங்குகிறது, பேச்சு இழுக்கிறது, குளிர் தாங்கவில்லை, உடம்பும் மனசும் மந்தமாகின்றன. 1878-ல் வில்லியம் ஆர்ட் இதற்கு மிக்சிடீமா என்று பெயர் வைத்தார். காரணம் மட்டும் புரியவில்லை. தடயம் கிடைத்தது சுவிட்சர்லாந்தில். அங்கே தியோடர் கோக்கர் என்ற அறுவை மருத்துவர், கழுத்துக் கழலை உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பியை முழுசாகவே எடுத்துக்கொண்டிருந்தார். பழைய நோயாளிகளைத் திரும்ப வரச்சொல்லிப் பார்த்தபோது பலரும் அதே மந்தநிலையில் இருந்தார்கள். 1883-ல் அதை அவரே வெளியிட்டார். தன் கையால் நடந்த கெடுதலைத் தானே எழுதியதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். 1909-ல் நோபல் பரிசும் வந்தது.

சுரப்பி இல்லாததுதான் பிரச்சினை என்றால் வேறு எங்கிருந்தாவது கொண்டுவந்து கொடுக்கலாமே? 1891-ல் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். மந்தம் போனது, முகம் பழையபடி ஆனது. அடுத்த வருஷமே ஊசி வேண்டாம், வாயால் சாப்பிட்டாலே போதும் என்று தெரிந்துவிட்டது. ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்துக் கொடுத்த மருத்துவரும் உண்டு. (பிரியாணி ஊர்க்காரன் நான், இதுல கருத்து சொல்ல மாட்டேன்.) அந்தப் பெண் மேலும் 28 வருஷம் வாழ்ந்து 1919-ல் தன் 74-ஆவது வயதில் இறந்தார். அதற்குள் 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு அவருக்காகச் செலவானது. வருஷத்துக்குச் சுமார் 30 ஆடு!

ஆனால் ஒரு ஆட்டின் சுரப்பி மாதிரி இன்னொன்று இருக்காது. இன்றைய டோஸும் நாளைய டோஸும் வேறு. கூடினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும். குறைந்தால் பழைய மந்தம் திரும்பும். தூக்கமின்மைப் புகார் இங்கேதான் தொடங்குகிறது. இதற்கு நடுவில், தைராய்டு உடம்பை இளைக்கவைக்கிறது என்று தெரிந்ததும் குண்டைக் குறைக்கும் மாத்திரை என்று விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த கட்டம் அமெரிக்காவில், மேயோ கிளினிக்கில். எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் சுரப்பியின் உள்ளே வேலைசெய்யும் பொருளைப் பிரித்தெடுக்க ராப்பகலாக உழைத்தார். ஒரு நாள் சோதனைச்சாலையிலேயே கண்ணயர்ந்துவிட்டார். விழித்துப் பார்த்தால் பாத்திரத்தில் ஆல்கஹால் முழுக்க ஆவியாகி, வெள்ளையாக ஒரு படிவு. அந்தத் துப்பு 1914 கிறிஸ்துமஸ் நாளில் தைராக்சின் படிகங்களில் கொண்டுபோய் விட்டது. தூக்கத்தோடு இவ்வளவு சம்பந்தப்பட்ட மருந்துக்கு இப்படி ஒரு பிறப்புக் கதை! மூணு டன் பன்றித் தைராய்டிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம். கணக்குப் போட்டுப் பாத்தேன்: 100 மைக்ரோகிராம் மாத்திரையா போட்டா 3,30,000 மாத்திரை வரும். ஒருத்தருக்கு ஒரு வருஷ மருந்து 40 மில்லிகிராம்கூட இல்ல. இவ்வளவு சின்ன அளவுல ஓடுற மருந்துல சின்னப் பிசகும் பெருசாத் தெரியும்.

1926-ல் சார்லஸ் ஹாரிங்டன் தைராக்சினின் அமைப்பைக் கண்டுபிடித்தார். மறுவருஷம் அவரும் ஜார்ஜ் பார்ஜரும் செயற்கையாகவே தயாரித்தார்கள். ஆனால் குடல் அதைச் சரியாக உறிஞ்சவில்லை. இன்று நாம் போடும் சோடியம் உப்பு வடிவம் 1949-ல்தான் வந்தது.

மருந்து சுத்தமாகிவிட்டது. எவ்வளவு கொடுப்பது? ரொம்ப காலம் அது குத்துமதிப்புதான். வெறும் வயிற்றில் படுக்கவைத்து மூச்சை அளந்து, உடம்பு எவ்வளவு ஆக்ஸிஜன் எரிக்கிறது என்று பார்த்தார்கள். குதிகால் தசைநாணைத் தட்டி, பாதம் எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்றும் அளந்தார்கள். 200, 300 மைக்ரோகிராம் கொடுப்பது சாதாரணம். 1960-களில் டி.எஸ்.எச். அளவை ரத்தத்தில் பார்க்கும் வழி வந்தது. 1980-களில் அது இன்னும் நுணுக்கமானபோதுதான், பலருக்குத் தேவைக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது வெளிப்பட்டது. என் தொழில் பாஷைல சொன்னா, ஃபீட்பேக்கே இல்லாம ஒரு சிஸ்டத்தை அறுபது, எழுபது வருஷம் ஓட்டியிருக்காங்க. அந்தக் காலத்தில் "மாத்திரை போட்டா தூக்கம் வரல" என்றவர்களில் பலர் சொன்னது நிஜமாகவே இருந்திருக்கும். இன்றும் டோஸ் கூடிப்போனால் அதேதான்.

எங்க சித்தி வேடசந்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லுல ஷிப்ட் வேலை பாக்குறாங்க. நைட் ஷிப்ட் வாரத்துல பகல் தூக்கம் வரலைன்னு, பழியை மாத்திரை மேல போட்டு தானாவே நிறுத்திட்டாங்க. "நல்லாத் தூக்கம் வருதுடா"ன்னு சந்தோஷமா சொன்னாங்க. அடுத்த மாசம் பஸ்ல உட்கார்ந்தா தூக்கம், மெஷின் பக்கத்துல நின்னாலும் கண்ணு சொருகுது. அது நல்ல தூக்கம் இல்ல. கல் 1873-ல எழுதின அதே மந்தம். தைராய்டு குறைஞ்சா நாக்கு தடிச்சு குறட்டை, தூக்கத்துல மூச்சு அடைக்கிறதுகூட வரலாம்.

உடனே தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும். அதோடு, நாம் விழுங்கும் டி4 ஒரு இருப்புச் சரக்குதான். உடம்பு அதை டி3-ஆக மாற்றித்தான் பயன்படுத்துகிறது. அந்த டி3-ஐ 1952-ல் ஜாக் கிராஸும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸும் கண்டுபிடித்தார்கள். மாற்றம் நடப்பது 1970-ல் தைராய்டே இல்லாத நோயாளிகளிடம் நிரூபணமானது. ஆக, இது காபி மாதிரி குடித்ததும் ஏறுகிற சமாச்சாரம் இல்லை. டோஸ் மாற்றினால் ஆறு வாரம் கழித்துத்தான் டெஸ்ட் எடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

அப்போ ராத்திரி போட்டா தூக்கம் கெடுமா? 2010-ல் நெதர்லாந்தில் ஒரு ஆய்வு வந்தது. 90 பேர், காலையில் மூன்று மாதம், படுக்கும்போது மூன்று மாதம். ராத்திரி போட்டபோது மருந்து இன்னும் நன்றாகவே உறிஞ்சப்பட்டது, டி.எஸ்.எச். குறைந்தது. வாழ்க்கைத் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா ஒரு சிக்கல். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் மூணு மணி நேரமாவது இடைவெளி வேணும். அவங்க ஆறு மணிக்கே சாப்பிட்டு முடிச்சிருவாங்க. நம்ம வீட்டுல ஒன்பதரைக்குத்தான் தோசைக்கல்லே சூடாகும்.

2013-ல் வந்த ஓர் ஆய்வில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பேரைப் பார்த்தபோது, சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. நூற்றுக்கு மூன்றுக்கும் மேற்பட்டோருக்கு அது அதுவரை தெரியவே தெரியாது. அவ்வளவு பேரிடமும் நாம் சொல்வது "காலைல வெறும் வயித்துல" என்ற ஒரே வரி. ஷிப்ட் ஆளுக்கு எது காலை? இன்னொன்று, டி.எஸ்.எச். இயல்பாகவே ராத்திரியில் ஏறும், தூக்கம் அதைக் கொஞ்சம் அடக்கிவைக்கும், விழித்திருந்தால் இன்னும் ஏறும். நைட் ஷிப்ட் முடிச்சு நேரா லேபுக்குப் போறவங்க அதை டாக்டர்கிட்ட சொல்லணும்.

சித்தி டாக்டர்கிட்ட இதையெல்லாம் கேட்டாங்க. இப்போ எந்த ஷிப்டா இருந்தாலும், எழுந்ததும் மாத்திரை, ஒரு மணி நேரம் கழிச்சுக் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. நைட் ஷிப்ட் வாரத்துல அவங்க அலாரம் மத்தியானம் மூணு மணிக்கு அடிக்குது.