நடத்துநரின் படிக்கட்டுகள்: உடல்நல அறிவுரையின் வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

சென்ற மாரிகாலத்தில் எனது இரத்தத்தில் சீனி கூடியிருப்பதாகக் குடும்ப வைத்தியர் சொன்னார். புகைப்பதுண்டா, குடிப்பதுண்டா, உடற்பயிற்சி செய்வதுண்டா என்று கேட்டார். முதலிரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. மூன்றாவதுக்கு இருக்கவில்லை. லண்டனுக்கு வெளியே ஓர் உணவு பொதிசெய்யும் தொழிற்சாலையின் குளிரறையில் நாளுக்குப் பத்து மணித்தியாலம் நின்று பெட்டி தூக்குகிறேன். இது உடற்பயிற்சியா? வைத்தியர் சிரித்துவிட்டு, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்கச் சொல்லும் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தந்தார்.

ஒருகாலத்தில் வரலாறு கற்பித்தவன் என்பதால், இத்தகைய அறிவுரை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். தேடல் என்னை லண்டனின் இரண்டடுக்கு பஸ் ஒன்றில் ஏற்றிவிட்டது.

போலந்திலிருந்து பிரித்தானியாவுக்கு வந்த யூதக் குடும்பமொன்றில் 1910 இல் பிறந்து, கிளாஸ்கோவில் வறுமையில் வளர்ந்தவர் ஜெரி மொரிஸ். போருக்குப் பின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சமூக மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய அவர், லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரை ஆராய்ந்து, 1953 இல் 'லான்செற்' இதழில் முடிவுகளை வெளியிட்டார். சாரதியும் நடத்துநரும் ஒரே பஸ்ஸில் வேலைசெய்பவர்கள், ஏறத்தாழ ஒரே வர்க்கத்தவர். சாரதி தன் வேலைநேரத்தின் பெரும்பகுதியை இருந்தபடியே கழிக்கிறார். நடத்துநரோ நாளொன்றுக்குச் சுமார் 600 படிகள் ஏறுகிறார். மாரடைப்பு நடத்துநர்களிடையே குறைவாக இருந்தது. வந்தபோதும் சாரதிகளைக் கொன்ற அளவுக்கு அவர்களைக் கொல்லவில்லை. அலுவலக மேசையில் இருந்தவர்களையும் தபாற்காரர்களையும் ஒப்பிட்டபோதும் இதேபோன்ற வேறுபாடு தெரிந்தது.

மொரிஸ் அவசரப்படவில்லை. 1956 இல் அவரும் சகாக்களும் சீருடை அளவுகளை ஆராய்ந்தார்கள். சாரதிகளின் இடுப்பளவு தொடக்கத்திலேயே பெரிதாக இருந்தது. அப்படியாயின் வித்தியாசம் முழுவதையும் படிக்கட்டு உண்டாக்கியதென்று சொல்லமுடியாது. தன் முடிவுக்கு எதிரான சான்றைத் தானே தேடிப்போகும் இந்தக் குணம் எமது அறிவுலகில் அரிது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்த நடத்துநர்களுக்குப் படியேறுமாறு எவரும் அறிவுரை கூறவில்லை. அவர்களது அசைவு வேலைக்குள்ளேயே இருந்தது. அதற்குச் சம்பளமும் கிடைத்தது. காலப்போக்கில் அந்த வேலையே போனது. 2005 டிசம்பரில் பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் வழமையான சேவையிலிருந்து விலக்கப்பட்டபோது, நடத்துநர் என்ற தொழிலும் லண்டனில் ஏறத்தாழ மறைந்தது. 1973 இல் மொரிஸ் அரச ஊழியரின் ஓய்வுநேரப் பயிற்சியை ஆராய்ந்து வெளியிட்டபோதே, உடலசைவு வேலையிலிருந்து ஓய்வுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. 1976 இல் பிரித்தானிய அரசு வெளியிட்ட நோய்த்தடுப்புக் கையேடு, நலம் பெருமளவுக்குத் தனிமனிதரின் பொறுப்பு என்ற தொனியில் பேசியது. ஓய்வு யாருக்கு உண்டு என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது.

அதே மொரிஸ், 1977 இல் நியமிக்கப்பட்ட டக்ளஸ் பிளாக் குழுவின் நான்கு உறுப்பினர்களில் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. 1980 இல் வெளியான அக்குழுவின் அறிக்கை, பயிற்சியற்ற தொழிலாளரின் இறப்பு வீதம் உயர்தொழில் வகுப்பினரதைவிட இரு மடங்குக்கு மேல் என்று காட்டியது. முக்கிய காரணங்களாக வருமானம், வீடு, வேலை போன்ற வாழ்நிலைகளைச் சுட்டியது. தாட்சர் அரசு ஓகஸ்ட் விடுமுறையை ஒட்டி 260 பிரதிகளை மட்டும் வெளியிட்டு, செலவு கட்டாது என்று பரிந்துரைகளை ஒதுக்கியது. மொரிஸ் விடவில்லை. 2000 இல், தொண்ணூறு வயதில், நலமாக வாழ ஓர் இளம் தொழிலாளிக்கு எவ்வளவு வருமானம் வேண்டும் என்று சகாக்களோடு கணக்கிட்டு வெளியிட்டார். உணவு, வீடு, உடற்பயிற்சி மட்டுமல்ல, பிறரோடு கூடிப் பழகும் செலவும் அதிலே இருந்தது.

எனது குளிரறைக் கேள்விக்கும் இப்போது ஆய்வுகள் உண்டு. 2018 இல் வெளியான ஒரு கூட்டாய்வின்படி, கடும் உடலுழைப்பு வேலை செய்யும் ஆண்களிடையே அகால மரணத்தின் அபாயம் 18 சதவீதம் அதிகம். வறுமையின் விளைவை உழைப்பின் விளைவிலிருந்து முற்றாகப் பிரித்தெடுக்க முடியாது என்ற மறுப்பும் இருக்கிறது. எப்படியாயினும், ஓய்வின்றித் தூக்குவதும் விரும்பி நடப்பதும் ஒன்றல்ல.

இதனால் அறிவுரையே வீண் என்று நான் வாதிடவில்லை. 1950 இல் டோலும் ஹில்லும் புகைத்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் தொடர்புபடுத்தியதன் பின் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். ஆனால் புகைத்தலை விரைந்து விட்டவர்கள் வசதிபடைத்தவர்களே. அறிவுரை மட்டும் தனியே போகும்போது, அது முதலில் இருப்பவனிடமே போய்ச் சேர்கிறது.

எமது சங்கங்களின் நீரிழிவுக் கூட்டங்களிலும் இதையே காண்கிறேன். "சோத்தைக் குறையுங்கோ, நடவுங்கோ." பேசுபவரும் முன்வரிசையில் இருப்பவரும் படித்தவர்கள். என்னோடு வேலைசெய்யும் கிளிநொச்சிப் பக்கத்து நண்பருக்கு அந்தத் துண்டுப்பிரசுரத்தை வாசித்து விளங்கப்படுத்தியவன் நானே. பழைய விரிவுரையாளனின் குரலிலேயே அதைச் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சேர், ரெண்டு வேலை செய்யிறன். எனக்கு நித்திரையே நாலு மணித்தியாலம். எப்ப நான் நடக்கிறது?"

அவர் சோம்பேறி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இப்போது இரண்டு தரிப்பிடம் முன்னதாக பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிறேன். சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் எனக்கு வேலை ஒன்றுதான். சோற்றின் அளவைப் பேசும் எமது மேடைகள், ஷிப்ட் நேரத்தையும் மணிச் சம்பளத்தையும் ஏன் பேசுவதில்லை? இதைப்பற்றி வாசகர்கள், குறிப்பாக எம்மிடையே உள்ள வைத்தியர்கள், இப்பக்கங்களில் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.