ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?

2022 இல் கியூஆர் குறியீட்டோடு நாமெல்லோரும் பெற்றோல் ஷெட்டுக்குப் போன காலம் மறந்திருக்காது. கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. அதுவரை வாகனம் வாங்கும்போது நிறத்தையும், திரும்ப விற்றால் என்ன வரும் என்பதையும் பார்த்த நாம், "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்கப் பழகினோம். அமெரிக்கர்களுக்கு அந்தக் கேள்வி வந்தது 1973 இல்.

அந்த வருட ரமழானில், ஒக்டோபர் 6 ஆம் திகதி, எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலுக்கு எதிராகப் போரில் இறங்கின. அமெரிக்கா இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பியது. மன்னர் பைஸலின் சவூதி அரேபியாவும் மற்ற அரபு நாடுகளும் அமெரிக்காவுக்கு எண்ணெய் கொடுப்பதை நிறுத்தின, உற்பத்தியையும் குறைத்தன. பீப்பாய் 3 டொலரளவில் இருந்த எண்ணெய் 1974 ஜனவரியில் 12 டொலரை நெருங்கியது. மார்ச்சில் தடை நீங்கியது. விலை இறங்கவில்லை.

அப்போது அமெரிக்காவின் புதிய கார்கள் சராசரியாக லீற்றருக்கு ஐந்தரை கிலோமீற்றர்தான் ஓடின. பெற்றோல் மலிவு, வீதி அகலம், வீடு நகரத்துக்கு வெளியே. பெரிய கார்தான் அந்தஸ்து. அந்த நாட்டில்தான் மைல் கணக்கில் வரிசை நின்றது. இலக்கத் தகட்டின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து நாள் ஒதுக்கினார்கள். நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாகக் குறைத்துச் சட்டம் வந்தது. பங்கீட்டுக் கூப்பன்கள் கூட அச்சாகின, ஆனால் கடைசி வரை விநியோகிக்கப்படவில்லை. (கூப்பன் என்றால் என்னவென்று எம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.)

அந்த நேரத்தில் ஜப்பான் கார்கள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. ஜப்பானியர் தூரநோக்கோடு இதற்காகக் காத்திருந்தார்கள் என்று சிலர் எழுதுவார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. எண்ணெய் முழுவதையும் இறக்குமதி செய்யும், வீதி ஒடுங்கிய நாடு அது. சின்ன எஞ்சினுக்கு வரி குறைவு என்ற ஏற்பாடும் அங்கே முன்பே இருந்தது. அந்த ஏற்பாட்டில் வளர்ந்த 660 சீசீ வகையில் ஒன்றுதான் இன்று எமது ஊர்களில் ஓடும் வேகன் ஆர்.

ஹொண்டாவின் கதை இன்னும் சுவாரசியமானது. 1970 இல் அமெரிக்கா காற்று மாசுச் சட்டத்தை இறுக்கியபோது, உள்நாட்டு நிறுவனங்கள் முடியாது என்று முறையிட்டன. மோட்டார் சைக்கிளால் பெயர் எடுத்த ஹொண்டா, புகையைக் குறைக்கும் சீவீசீசீ எஞ்சினைச் செய்து காட்டியது. பெரிய காருக்கு இது சரிவராது என்ற பேச்சு எழுந்ததும், ஒரு செவர்லே இம்பாலாவை ஜப்பானுக்குக் கொண்டுபோய், அதன் எஞ்சினிலேயே தன் முறையைப் பொருத்திச் சோதனையிலும் தேறச் செய்தது. புகைக்காகச் செய்த அந்த எஞ்சினோடு வந்த ஹொண்டா சிவிக், எரிபொருள் சிக்கனப் பட்டியலிலும் முதலிடத்துக்கு வந்தது.

ஓட்டுநரை அசைத்தது விலையும் வரிசையும். உற்பத்தியாளரை அவை மட்டும் அசைக்கவில்லை. ஒரு மொடலை வரைந்து வீதிக்குக் கொண்டுவர வருடங்கள் எடுக்கும், இலாபமும் பெரிய காரில்தான். ஆகவே 1975 டிசம்பரில் ஜனாதிபதி போர்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு நிறுவனம் விற்கும் எல்லாக் கார்களினதும் சராசரியை அது பார்த்தது, நாம் வகுப்புச் சராசரி பார்ப்பது போல. 1978 இல் கலனுக்கு 18 மைல், 1985 இல் 27.5, அதாவது லீற்றருக்குப் பதினொன்றரை கிலோமீற்றருக்குச் சற்று மேல். தவறினால், குறைந்த ஒவ்வொரு 0.1 மைலுக்கும் காருக்கு 5 டொலர் தண்டம். ஒரு மைல் குறைத்து ஒரு இலட்சம் கார் விற்றால் 50 இலட்சம் டொலர். ஐரோப்பிய ஆடம்பரக் கார் நிறுவனங்கள் சில பேசாமல் கட்டிவிட்டுப் போயின. அமெரிக்க நிறுவனங்கள் காரை மாற்றின. பத்து வருடத்தில் சராசரி இரண்டு மடங்கானது.

ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. விவசாயிக்கும் தொழிலாளிக்கும் உதவட்டும் என்று பிக்அப், வேன் போன்றவற்றுக்குத் தனி வகையும் இலகுவான அளவும் வைத்தார்கள். 1986 இல் எண்ணெய் விலை சரிந்தது. போர்ட் எக்ஸ்புளோரர் போன்ற ஜீப் வகைகள் அந்த இலகுவான வகைக்குள்ளேயே வந்தன. குடும்பங்கள் அவற்றை வாங்கின. 2000 களின் தொடக்கத்தில் விற்பனையில் பாதியளவு அந்த வகைதான். கார்களுக்கான 27.5 என்ற அளவு 1990 இலிருந்து இருபது வருடம் அசையவே இல்லை.

1997 இல் டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் வந்தது. அமெரிக்காவில் அதை வாங்கியவர்களில் பலருக்குச் சேமிப்பை விட, பார்த்ததும் தெரியும் அதன் தோற்றமே முக்கியம். மனிதர் அப்படித்தான்.

2008 ஜூலையில் பீப்பாய் 147 டொலரைத் தொட்டபோது பெரிய ஜீப்கள் விற்பனையின்றி நின்றன. அடுத்த ஜூனில் ஜெனரல் மோட்டர்ஸ் வங்குரோத்து மனுவோடு நீதிமன்றம் போனது. 2014 இல் விலை மீண்டும் விழுந்தது. 2018 இல் போர்ட் நிறுவனம், வட அமெரிக்காவில் சாதாரண கார்களில் பெரும்பாலானவற்றைக் கைவிடுவதாக அறிவித்தது.

1975 இல் 5 டொலராகத் தொடங்கிப் பின்னர் கூட்டப்பட்ட அந்தத் தண்டத்தை 2025 ஜூலையில் அமெரிக்கா 0 ஆக்கியது. அளவுச் சட்டம் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது.